பால்வாடியும் ஜாதி வேலியும்

மூன்று வயதுக் குழந்தைக்கு ஜாதி தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மிராசுதாரர் பேரனா, பண்ணையாள் பேரனா என்று அதற்குத் தெரியாது. கையிலிருக்கும் முறுக்கில் பாதியை ஒடித்துக் கொடுக்கும். கோபம் வந்தால் கொடுத்ததைப் பிடுங்கியும் கொள்ளும். அடுத்த நிமிஷம் இரண்டும் சேர்ந்து மண்ணில் புரளும். தீட்டு என்பது அந்த வயதில் எந்தக் குழந்தைக்கும் இயற்கையாய் வருவதில்லை. அதைப் பெரியவர்கள்தான் பிரயாசைப்பட்டுக் கற்றுக் கொடுக்கவேண்டியிருக்கின்றது.

அப்படிக் கற்றுக் கொடுக்கும் காரியம் இந்நாளில் எங்கே, எந்த வயதில் ஆரம்பமாகின்றது என்பதைக் கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களில் காலை வேளையில் நின்று பார்ப்பவர்கள் யாரும் எளிதில் தெரிந்துகொள்ளலாம். ஊர்த்தெரு முனையில் மஞ்சள் வேன் வந்து நிற்கின்றது. கழுத்தில் டை கட்டிய மூன்று வயதுப் பிள்ளை அதில் ஏறி டவுனிலுள்ள நர்சரிக்குப் போகின்றது. காலனிப் பிள்ளையோ, பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கன்வாடிக்கு, அதாவது ஜனங்கள் இன்றும் வாய்வழக்கில் சொல்லுகிற பால்வாடிக்கு, நடக்கின்றது. ஊர்த்தெருவிலும் வேனுக்குப் பணங் கட்ட முடியாத ஏழையின் பிள்ளை பால்வாடிக்குத்தான் வருகின்றது. காலனியிலும் நாலு காசு மிஞ்சினவர் கடன் வாங்கியாவது பிள்ளையை வேனில் ஏற்றுகின்றார். ஆகவே, இது முழுக்க ஜாதிப் பிரிவினை என்றும் சொல்லிவிட முடியாது. முழுக்கப் பணப் பிரிவினை என்றும் சொல்லிவிட முடியாது. நம் நாட்டில் இவ்விரண்டும் அண்ணன் தம்பிகள் என்பதை வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

கடலூர் ஜில்லா, பழைய தென்னார்க்காட்டிலிருந்து 1993இல் பிரிந்தது. 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி இந்த ஜில்லாவின் ஜனங்கள் 26 லட்சத்துக்குச் சற்று அதிகம். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கிராமத்தார். 100க்கு 29 பேர் ஆதிதிராவிடர் முதலிய பட்டியல் ஜாதியார். இந்தக் கணக்கில் வேறொரு வெட்கக்கேடும் இருக்கின்றது. ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு இந்த மாகாணத்தில் 943 பெண் குழந்தைகள் இருக்க, கடலூர் ஜில்லாவில் 896 பெண் குழந்தைகளே இருந்தார்கள். பிறக்கும் முன்பே பெண்ணைக் கணக்குத் தீர்க்கிற ஊரில், பிறந்துவிட்ட பெண்ணுக்கு என்ன இடம் கிடைக்கும் என்பதை யோசித்துப் பார்க்கட்டும்.

இந்த ஜில்லாவின் சிறு குழந்தைகளுக்குச் சர்க்கார் என்னதான் வைத்திருக்கின்றது? மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, அங்கன்வாடி. இரண்டாவது, சில அங்கன்வாடிகளில் மட்டும் நடக்கும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள். மூன்றாவது, கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் 100க்கு 25 இடம். இம்மூன்றையும் ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2ந் தேதி ஆரம்பிக்கப்பட்டது. ஆனால், குழந்தைக்குச் சோறு போட்டுப் படிக்கவைக்கவேண்டும் என்ற எண்ணம் நம் நாட்டுக்கு டில்லியிலிருந்து வந்ததல்ல. 1920இல் சர். பி. தியாகராயர் தலைமையிலிருந்த சென்னைக் கார்ப்பரேஷன், ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் சிற்றுண்டி கொடுக்கத் தீர்மானித்தது. பிறகு காமராசர் காலத்தில் 1956இல் பகலுணவு வந்தது. 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளோடு பள்ளி வயதை எட்டாத இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கும் சேர்த்துச் சத்துணவு போட்டது. இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய 54,000 அங்கன்வாடிகள் இருக்கின்றன. சோறும், சத்துமாவும், வாரத்தில் மூன்று முட்டையும் பிள்ளைகளுக்குக் கிடைக்கின்றன. இதை நாம் குறைவாய் மதிக்கவில்லை. பசித்த வயிற்றுக்கு முதலில் வேண்டியது சோறுதான்.

ஆனால் வயிற்றுக்குக் கொடுத்தால் போதும், தலைக்கு வேண்டாம் என்று யார் தீர்மானித்தார்கள்? ஓர் அங்கன்வாடிக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். உதவியாளர் அடுப்பைப் பார்க்கின்றார். பணியாளர் குழந்தைகளை எடை போட்டுப் பதியவேண்டும்; கர்ப்பிணிகளைப் பார்க்கவேண்டும்; ஊசி போடும் நாளில் தாய்மாரை அழைத்து வரவேண்டும்; கைப்பேசியில் ஒவ்வொரு குழந்தையின் கணக்கையும் ஏற்றவேண்டும்; அதற்கும் மேலே வோட்டர் லிஸ்ட் வேலையும் அநேகர் தலையில் விழுகின்றது. "ஆடிப்பாடி விளையாடு பாப்பா" என்று பாடத்திட்டம் ஒன்று அச்சிட்டுக் கொடுத்திருக்கின்றார்கள். ஆடுவதற்கும் பாடுவதற்கும் நேரம் எங்கே என்று அந்த அம்மையாரைக் கேட்டால், அவர் ரிஜிஸ்தரைக் காட்டுவார். இவ்வளவும் செய்கிறவர் சர்க்கார் உத்தியோகஸ்தரும் அல்ல. அங்கன்வாடிப் பணியாளர் சர்க்கார் பதவி வகிப்பவர் அல்லர் என்று 2006இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லிற்று. 2022 ஏப்ரலில்தான் அதே கோர்ட், இவர்களுக்குப் பணிக்கொடை பெற உரிமையுண்டு என்றது. 2018இல் மத்திய சர்க்கார் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். மாகாண சர்க்கார் மேலே கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கின்றது. சம்பளம் என்று சொல்லாமல் மதிப்பூதியம் என்று பேர் வைத்திருப்பதிலேயே சூட்சுமம் இருக்கின்றது. ஊதியம் குறைவு, அதை மதிப்பு என்ற வார்த்தையால் நிரப்பிக்கொள்ளவேண்டும்!

இரண்டாவது வழியைப் பார்ப்போம். 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களிலுள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் ஆரம்பித்தார்கள். ஏறக்குறைய 23 மையங்களில் ஒன்றுக்கு மட்டும் இந்தப் பாக்கியம். பாக்கி 22க்கும் என்ன பதில்? சரி, அந்த ஒன்றாவது ஒழுங்காய் நடந்ததா? 2022 ஜூனில், அங்கே போட்டிருந்த ஆசிரியர்களைத் தொடக்கப் பள்ளிகளுக்கே திருப்பி அனுப்புவதாகச் சேதி வந்தது. ஜனங்கள் கூச்சல் போட்டபின், வகுப்புகள் தொடரும் என்றார்கள். ஆனால் மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்களை வைத்துக்கொள்ளத் தீர்மானித்தார்கள். அங்கன்வாடி ஓர் இலாகாவின் கீழும், பள்ளிக்கூடம் வேறோர் இலாகாவின் கீழும் இருப்பதால் குழந்தையின் கதி இரண்டு வீட்டு விருந்தாளி கதியாய் இருக்கின்றது. அவர்கள் போட்டிருப்பார்கள் என்று இவர்களும், இவர்கள் போட்டிருப்பார்கள் என்று அவர்களும் இருந்தால், விருந்தாளி பட்டினிதான்.

மூன்றாவது வழிதான் விசித்திரமானது. 2009ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி தனியார் பள்ளியின் ஆரம்ப வகுப்பில் 100க்கு 25 இடம் ஏழைகளுக்கும் பின்தங்கியவர்களுக்கும் கொடுக்கவேண்டும். செலவைச் சர்க்கார் ஏற்கும். நம் மாகாணத்தில் இந்தச் சேர்க்கை எல்.கே.ஜி.யிலேயே ஆரம்பமாகின்றது. ஆகவே, தன் சொந்த அங்கன்வாடியில் எல்.கே.ஜி.க்கு ஆசிரியர் போடப் பணமில்லை என்கிற சர்க்கார், தனியார் எல்.கே.ஜி.க்குப் பணங் கட்டுகின்றது. அதையாவது ஒழுங்காய்க் கட்டுகின்றதா? மத்திய சர்க்காருக்கும் மாகாண சர்க்காருக்கும் நடந்த பணத் தகராறில் 2025ஆம் வருஷத்துச் சேர்க்கை பல மாதம் தாமதப்பட்டது. அந்த இடங்களில் சேர்ந்து படிக்கும் ஏழைப் பிள்ளையை நாம் குறை சொல்லவில்லை. கிடைத்த கதவில் நுழைவது புத்திசாலித்தனம். ஆனால் ஒருவனுக்குப் பக்கத்து வீட்டில் சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு, மூன்று பேருக்கு வீட்டில் அடுப்பே மூட்டாமலிருப்பது குடும்பம் நடத்தும் லட்சணமா என்று கேட்கின்றோம்.

இதற்கெல்லாம் மூலகாரணம் சட்டத்தில் இருக்கின்றது. 1950இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டம், பத்து வருஷத்திற்குள் 14 வயதுவரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி கொடுக்க முயலவேண்டும் என்று சொல்லிற்று. அதில் ஆறு வயதிலிருந்துதான் என்ற வரம்பு கிடையாது. 2002இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆறு முதல் 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை ஆயிற்று. மிகவும் நல்லது. ஆனால் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு என்ன கொடுத்தார்கள்? சர்க்கார் "முயலவேண்டும்" என்ற ஒரு வார்த்தை கொடுத்தார்கள். 2009ஆம் வருஷத்துச் சட்டமும், மூன்று முதல் ஆறு வயதுவரை சர்க்கார் ஏற்பாடு "செய்யலாம்" என்றுதான் சொல்லுகின்றது. செய்யலாம் என்றால் செய்யாமலும் இருக்கலாம். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பள்ளி இல்லையென்றால் கோர்ட்டுக்குப் போகலாம். மூன்று வயதுப் பிள்ளைக்கு இல்லையென்றால் கோயிலுக்குத்தான் போகவேண்டும்!

கோயில் என்றதும் சிதம்பரம் ஞாபகம் வருகின்றது. ஆதனூர் நந்தன் தில்லைக்குள் நுழைய நெருப்பில் இறங்கவேண்டியிருந்தது என்று புராணம் பெருமையோடு சொல்லுகின்றது. அந்தப் பெருமையைப் பாடிக்கொண்டிருந்த ஊரிலேயே, சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தன் பேரால் ஒரு பள்ளிக்கூடம் வைத்தார். நந்தனின் சந்ததிக்கு வேண்டியது நெருப்பல்ல, சிலேட்டு என்று அவர் கண்டார். பிறகு 1929இல் அதே சிதம்பரத்தில் அண்ணாமலை சர்வகலாசாலை வந்தது. உச்சியில் சர்வகலாசாலை வந்து நூறு வருஷம் நெருங்குகின்றது. அடியில், குமராட்சியிலும் கீரப்பாளையத்திலும் கிள்ளையின் இருளர் குடியிருப்புகளிலும் மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுத்துக் காட்ட ஆசிரியர் வந்து நிரந்தரமாய் உட்கார இன்னும் எத்தனை வருஷம் ஆகும்? மாடி கட்டிவிட்டுப் படிக்கட்டை மறந்த கதைதான் இது.

இன்னொன்றும் கேளுங்கள். புவனகிரி பக்கத்தில் தெற்குத்திட்டை ஊராட்சியில், ஜனங்கள் வோட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவரான ஆதிதிராவிடப் பெண்மணியைக் கூட்டத்தில் தரையில் உட்காரவைத்து, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படம் 2020 அக்டோபரில் நாடெங்கும் வெளிவந்தது. போலீஸ் வழக்கும் வந்தது. அந்த நாற்காலிக்காரர்கள் கெட்டவர்களாகவே பிறந்தவர்களா? இல்லை. யார் எங்கே உட்காரவேண்டும் என்பதை அவர்கள் ஊரும் வீடும் பால்யத்திலேயே படித்துக் கொடுத்திருக்கின்றன. ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே பானைச் சோற்றைச் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்தப் பாடம் அவ்வளவு சுலபத்தில் ஏறாது. ஏறாது என்பது தெரிந்துதான் சிலர் அந்தப் பாயையே வெறுக்கின்றார்கள். 2018இல் அவிநாசிப் பக்கத்தில், பட்டியல் ஜாதிப் பெண் சமைத்தால் எங்கள் பிள்ளை சாப்பிடாது என்று பள்ளிக்கூடத்தை மறித்தவர்கள் பார்ப்பனர்கள் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்லுகின்றோம். ஜாதிக் கொடுமையை அக்கிரகாரத்தின் மேல் மட்டும் சுமத்திவிட்டு நம்மவர்கள் தப்பித்துக்கொள்ள நாம் இடங்கொடுக்கமாட்டோம்.

நிற்க, "பால்வாடியில் என்ன இருக்கிறது? சோறு போட்டுத் தூங்கவைக்கிறார்கள். இங்கிலீஷ் உண்டா?" என்று கேட்கின்ற பெற்றோர்களுக்கும் பதில் சொல்லவேண்டும். இங்கிலீஷ் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை, நன்றாய்ப் படிக்கட்டும். ஆனால் மூன்று வயதுப் பிள்ளைக்கு வேண்டியது விளையாட்டு, பேச்சு, கதை, கைவேலை. அதை அறிந்தவர்கள் சொன்னதைப் பாருங்கள். கிண்டர்கார்டன் என்ற பேரையே கொடுத்த ஜெர்மானியர் பிரோபெல், குழந்தை விளையாட்டால்தான் கற்கும் என்றார். மாண்டிசோரி அம்மையார் 1907இல் ரோமாபுரியில் முதல் குழந்தை வீட்டைத் திறந்தது பிரபுக்கள் தெருவிலல்ல. சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பேட்டையில். அந்த அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களைப் பழக்கினார். ஏழைக்காகப் பிறந்த அந்த முறையின் பேர் இன்று நம் டவுன்களில் பணக்காரப் பள்ளியின் போர்டில் தொங்குகின்றது. ஏழைக்கென்று கண்டுபிடித்ததையெல்லாம் பணக்காரன் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஏழைக்குத் தருமமாய்க் கொடுப்பதுதான் உலக வழக்கம் போலும்!

அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்து இப்சிலாண்டி என்ற ஊரில் 1962 முதல் 1967 வரை ஒரு பரீட்சை நடந்தது. ஏழை நீக்ரோ குடும்பங்களின் 123 குழந்தைகளை எடுத்து, ஒரு பகுதியினருக்கு மூன்று, நான்கு வயதில் நல்ல பாலர் பள்ளி கொடுத்தார்கள். மறு பகுதியினருக்குக் கொடுக்கவில்லை. 40 வயதுவரை இரு கூட்டத்தாரையும் விடாமல் விசாரித்தார்கள். பாலர் பள்ளி கண்டவர்களில் ஹைஸ்கூல் முடித்தவர்கள் அதிகம், சம்பாத்தியம் அதிகம், போலீசில் பிடிபட்டவர்கள் குறைவு. தலையெழுத்து என்று நம்மவர்கள் சொல்லுகின்றார்களே, அதை எழுதுகிறவன் பிரமன் அல்ல, மூன்று வயதில் கிடைக்கும் வாத்தியார்தான் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி என்ன வேண்டும்? பிரான்சு தேசத்தார் 2019 முதல் மூன்று வயதிலேயே கல்வியைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். நாமோ விஜயதசமியன்று தட்டில் அரிசியைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து ஒரு எழுத்து இழுத்துவிட்டால் சரஸ்வதி பாக்கியைப் பார்த்துக்கொள்வாள் என்றிருக்கின்றோம். சரஸ்வதி பல நூறு வருஷமாய்ப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நம்மில் எத்தனை பேர் கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களாய் இருந்தோம்?

தாய்மார் விஷயத்தையும் மறக்கக்கூடாது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்கள், தோட்டின் எண்ணெய் பட்டுக் கைவெந்து வேலை செய்கின்றார்கள். காட்டுமன்னார்கோயில் பக்கம் விடியுமுன் நடவுக்கு இறங்குகின்றார்கள். பரங்கிப்பேட்டை, தேவனாம்பட்டினம் கரைகளில் கூடையெடுத்து மீன் விற்கப் போகின்றார்கள். அங்கன்வாடி திறக்குமுன் வேலை ஆரம்பம்; மூடியபின்தான் வேலை முடிவு. இடையிலுள்ள நேரத்தில் குழந்தையை யார் வைத்துக்கொள்வது? அக்காள் வைத்துக்கொள்வாள். அந்த அக்காளுக்கு வயது ஒன்பதோ பத்தோ இருக்கும். அவள் பள்ளிக்கூடம் அன்றைக்குப் போயிற்று. தம்பிக்குப் பாலர் பள்ளி இல்லாவிட்டால் அக்காளுக்குத் தொடக்கப் பள்ளியும் இல்லை. பெண் கல்வி வேண்டுமென்று மேடையில் முழங்குகின்றவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும்.

ஆகவே நாம் சொல்லுவதென்னவென்றால், முதலாவது, கல்வி உரிமை ஆறு வயதில் அல்ல, மூன்று வயதில் ஆரம்பிக்கவேண்டும். "செய்யலாம்" என்பது "செய்யவேண்டும்" என்று ஆகவேண்டும். இரண்டாவது, 23இல் ஒன்றுக்கல்ல, ஒவ்வொரு அங்கன்வாடிக்கும் கற்பிப்பதையே வேலையாய்க் கொண்ட, பழக்கப்பட்ட, ஒழுங்கான சம்பளம் பெறுகிற ஓர் ஆசிரியர் வேண்டும். மூன்றாவது, காலனிக்கு ஒன்று, ஊர்த்தெருவுக்கு ஒன்று என்று கட்டாமல், இரு தெருவுக்கும் பொதுவான இடத்தில் கட்டவேண்டும். நான்காவது, வேலைக்குப் போகும் தாய்மாரின் நேரத்தை அனுசரித்துத் திறக்கவும் மூடவும் வேண்டும். இதற்குப் பணம் எங்கே என்று கேட்பவர்கள், 1920இல் ஓரணாக் கணக்குப் போட்ட கார்ப்பரேஷனின் கஜானாவில் எவ்வளவு இருந்தது என்று விசாரித்துவிட்டு வரட்டும். கஜானா நிறைந்த பிறகு சோறு போடலாம் என்று அவர்கள் காத்திருந்தால் நம் பிள்ளைகள் இன்றும் பட்டினியாய்த்தான் இருப்பார்கள்.

கடைசியாக, சர்க்காரிடம் கேட்பதற்குமுன் நம் தோழர்களிடம் ஒன்று கேட்கின்றோம். சர்க்கார் பள்ளி வாத்தியார், தாலுகா குமாஸ்தா, ஊராட்சித் தலைவர், மேடையில் சமத்துவம் பேசுகின்ற நண்பர்கள் ஆகிய இவர்களில் எத்தனை பேர் பிள்ளைகள் உள்ளூர் அங்கன்வாடியில் உட்காருகின்றார்கள்? குடும்பங்கள் சிறுத்துக் குழந்தைகளே குறைந்துவரும் காலம் இது. இருக்கின்ற நாலு பிள்ளைகளில் இரண்டை வேன் கொண்டுபோய்விட்டால், மிஞ்சிய இரண்டும் யாருடைய பிள்ளைகள் என்று சர்க்காருக்கு நன்றாய்த் தெரியும். அவர்களுக்காக யாரும் வந்து சண்டை போடப்போவதில்லை என்பதும் தெரியும். கேட்பாரில்லாத இடத்தில் கூரை ஒழுகத்தான் செய்யும். அதே அங்கன்வாடியில் தாசில்தார் பிள்ளையும் உட்கார்ந்திருந்தால், அடுத்த மழைக்குமுன் ஓடு மாறிவிடும். ஏழைகளுக்கு மட்டும் என்று வைத்த எந்தக் காரியமும் நம் நாட்டில் ஏழையாகவேதான் இருந்துவருகின்றது.

வேனை நிறுத்திப் பிள்ளையைப் பிடுங்கி இறக்கச் சொல்லவில்லை. ஒரு ஊரில் பத்துத் தோழர்கள் கூடி, நம் பிள்ளைகளை இங்கேயே விடுகின்றோம், இன்ன இன்ன வசதி வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கிராமசபையில் தீர்மானம் கொண்டுவரட்டும். குழந்தையைப் பறிகொடுக்கப் போகிறோமோ என்று பயப்படுகின்ற தாய், அந்தப் பத்துப் பேர் பிள்ளைகளும் அங்கே உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் தன் பிள்ளையையும் விடுவாள். ஜாதி ஒழியவேண்டுமென்று முப்பது வயதுக்காரனுக்குப் பிரசங்கம் செய்வது பாறையில் உளி வைப்பது. செய்யத்தான் வேண்டும், ஆனால் கை வலிக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பிரசங்கமே வேண்டாம். ஒரே பாயை விரித்து உட்காரவைத்தால் போதும். அந்தப் பாயை விரிப்பதற்கு நம் தோழர்கள் தயாரா என்பதே நமது கேள்வி.